இந்திய அரசவையில் ஒளிந்திருந்த ஏதென்ஸ் நூல்

நான்காம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றை எழுதிய செசரியா ஆயர் யூசேபியுஸ், மேற்கோள் காட்டுவதில் தாராளமானவர். தொலைந்துபோன பல நூல்களின் வரிகள் அவர் எடுத்தெழுதி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ரோமப் பேரரசர் ஹாட்ரியனிடம் கிறிஸ்தவர்களுக்காக முறையிட்ட இருவரை அவர் குறிப்பிடுகிறார். ஒருவர் குவாத்ராத்துஸ். அவருடைய நூலிலிருந்து சில வரிகளைத் தருகிறார். மற்றவர் அரிஸ்டைடிஸ். இவருடைய நூல் பலரிடம் இருக்கிறது என்று சொல்லி அத்தோடு நிறுத்திக்கொள்கிறார். பலரிடம் இருப்பதை எதற்கு மெனக்கெட்டு எடுத்தெழுதுவது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த நூல் பின்னால் யாரிடமும் இல்லாமல் போயிற்று.

அதே நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் இன்னும் கொஞ்சம் தகவல் தருகிறார். அரிஸ்டைடிஸ் ஏதென்ஸ் நகரத்துத் தத்துவ ஆசிரியர். கிறிஸ்தவரான பிறகும் தத்துவ ஆசிரியருக்குரிய உடையைக் களையாதவர். பின்னால் வந்த ஜஸ்டின் இவரைப் பின்பற்றினார். அதற்குப் பிறகு சுமார் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் மேற்குலக அறிஞர்களுக்கு அரிஸ்டைடிஸ் வெறும் பெயர்தான்.

திருச்சபைத் தந்தையரின் அறச் சிந்தனையைப் படிக்கிற எவரும் இந்தப் பெயரில் ஒருமுறையாவது வந்து முட்டிக்கொள்வார்கள். தாக்கப்படும் ஒரு சிறு சமூகம் அரசிடம் தன்னை விளக்கிக்கொள்ளும் எழுத்து வகையில் முழுமையாகக் கைக்கு வந்திருப்பவற்றுள் மிகப் பழையது இவருடைய முறையீடு. நான் இதைத் தேடிப் போனது ஒரே ஒரு கேள்விக்காக. அதன் 15ஆம் அதிகாரத்தில் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு வருணனை வருகிறது. தொடக்ககாலக் கிறிஸ்தவ அறம் பற்றிய நூல்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் பகுதி அது. அதை எழுதியது உண்மையிலேயே இரண்டாம் நூற்றாண்டு அரிஸ்டைடிஸ்தானா, பிற்காலத்தவர் யாராவது செருகியதா? விடை தேடப் போனால் வெனிஸ், சீனாய், வியன்னா, எகிப்து என்று பாதை நீள்கிறது.

ரெனானின் சந்தேகம்

வெனிஸுக்கு அருகே சான் லாசரோ என்றொரு சிறு தீவு. அங்குள்ள ஆர்மீனிய மெகித்தாரிஸ்டு துறவிகள் 1878இல் ஒரு சிறு துண்டை லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார்கள். பத்தாம் நூற்றாண்டு ஆர்மீனியச் சுவடியிலிருந்து எடுத்தது. ஏதென்ஸ் நகரத் தத்துவ ஆசிரியர் அரிஸ்டைடிஸ் பேரரசர் ஹாட்ரியனுக்கு எழுதியது என்று தலைப்பு.

பாரிஸில் இருந்த எர்னஸ்ட் ரெனான் உடனே மறுத்தார். அவர் பிடித்த இடம் சரியான இடம். அந்தத் துண்டில் மரியாளைக் 'கடவுளின் தாய்' என்று சொல்லும் இறையியல் வழக்கு வருகிறது. அது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு விவாதங்களில் சூடுபிடித்த சொல். 431இல் எபேசு சங்கத்தில் முடிவு கட்டப்பட்ட விவகாரம். ஹாட்ரியன் காலத்து ஏதென்ஸ்காரர் அப்படி எழுதியிருக்க வழியில்லை. ஆகவே முழுத் துண்டும் போலி என்பது அவர் தீர்ப்பு.

சீனாய் 16

1889இல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் பணியாற்றிய ஆங்கிலேய அறிஞர் ஜே. ரெண்டல் ஹாரிஸ் சீனாய் மலையடிவாரத்துப் புனித கேத்தரீன் மடத்துக்குப் போனார். அங்கே சிரியாக் மொழிச் சுவடி ஒன்றில் அரிஸ்டைடிஸின் முறையீடு முழுமையாக இருந்தது. நம் பக்கத்துக் கேரளத்தில் சுறியானிக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் இன்றும் கேட்கிற மொழிதான் இந்தச் சிரியாக். சுவடி ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று ஹாரிஸ் கணித்தார். 1894இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் வெளியிட்ட மடத்துப் பட்டியலில் அதன் எண் 16.

இந்தச் சுவடியில் அரிஸ்டைடிஸுக்கு அண்டை அயலார் யார் என்று பார்த்தபோதுதான் எனக்கு முதல் பிடி கிடைத்தது. பாலைவனத் துறவிகளின் வரலாறுகள் ஒருபுறம். பகைவனாலும் ஒருவன் பயனடையலாம் என்று சொல்லும் புளூட்டார்க்கின் கட்டுரை ஒருபுறம். பித்தகோரஸ் பேரிலும் தியானோ பேரிலும் வழங்கிய நீதிமொழிகள் இன்னொருபுறம். கிறிஸ்தவர், கிறிஸ்தவரல்லாதவர் என்ற வேறுபாடு பாராமல், நல்லொழுக்கம் பேசுகிறதா என்பதை மட்டும் பார்த்துத் தொகுத்த ஏடு அது. வழக்காடுவதற்கு எழுதிய முறையீட்டைச் சிரியாக் துறவிகள் ஒழுக்க நூலாகவே படித்திருக்கிறார்கள்.

சிரியாக் பிரதி கிடைத்ததும் ரெனானின் வழக்குக்கும் முடிவு தெரிந்தது. ஆர்மீனியத் துண்டில் உள்ளதெல்லாம் இதிலும் இருக்கிறது, அந்த மரியாள் தொடரைத் தவிர. எபிரேயக் கன்னியிடம் பிறந்தார் என்ற அளவிலேயே சிரியாக் நிற்கிறது. சொல் பிற்காலத்தது என்று ரெனான் கண்டது சரி. ஆனால் அது ஆர்மீனிய மொழிபெயர்ப்பாளர் தம் காலத்துப் பக்தியில் சேர்த்த சொல், நூல் பழையதுதான்.

தலைப்பில் மட்டும் ஒரு சிக்கல். சிரியாக் பிரதி முதலில் ஹாட்ரியன் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே தீத்துஸ் ஹாட்ரியானுஸ் அந்தோனினுஸ் என்று விளிக்கிறது. அந்த முழுப்பெயர் ஹாட்ரியனின் தத்துப்பிள்ளையாகி அவருக்குப் பின் 138 முதல் 161 வரை ஆண்ட அந்தோனினுஸ் பியூஸுக்கு உரியது. தத்தெடுத்த தந்தையின் பெயரும் மகன் பெயரில் சேர்ந்திருப்பதால் யூசேபியுஸ் ஆளை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று ஹாரிஸ் வாதாடினார். எப்படிப் பார்த்தாலும் இரண்டாம் நூற்றாண்டின் முதல் பாதியைத் தாண்டி வெகுதூரம் போக முடியாது.

வியன்னாவில் ஒரு தற்செயல்

ஹாரிஸின் மொழிபெயர்ப்பு அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அச்சுப்படிகளைப் பார்த்திருந்த கேம்பிரிட்ஜ் நண்பர் ஜே. ஆர்மிட்டேஜ் ராபின்சன் அப்போது வியன்னாவில் இருந்தார். அவர் தேடிக்கொண்டிருந்தது வேறொன்று. கார்த்தேஜ் நகரில் உயிர்விட்ட பெர்பெத்துவாவின் சாட்சிய வரலாற்றுக்கு ஒரு சுவடி தேவைப்பட்டது. அது அகப்படவில்லை. லத்தீன் புனிதர் வரலாறுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவர் இடையில் 'பர்லாம், யோசபாத்' கதையைப் படிக்கலானார். படிக்கப் படிக்க இந்தப் பேச்சை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. அந்த நீண்ட உரையின் தொடக்கத்துக்குத் திரும்பினார். அரசரை விளித்து, கடவுளின் திருவுளத்தால் உலகுக்கு வந்தேன் என்று ஒருவன் ஆரம்பிக்கிறான். வானத்தையும் பூமியையும் கதிரவனையும் கண்டு வியந்து, இவற்றை இயக்குபவன் யார் என்று கேட்கிறான். ஹாரிஸின் அச்சுப்படியில் இருந்த அதே தொடக்கம்.

லத்தீன் கிரேக்கத்திலிருந்து வந்தது. அப்படியானால் கிரேக்கப் 'பர்லாம்' நூலில் அரிஸ்டைடிஸின் சொந்தக் கிரேக்கமே கிடக்க வேண்டும். கிடந்தது. 1891இல் ராபின்சன் தொடங்கிய 'டெக்ஸ்ட்ஸ் அண்ட் ஸ்டடீஸ்' வரிசையின் முதல் இதழ் இதுதான். ஹாரிஸின் சிரியாக் பதிப்பு முதலிலும், மூலக் கிரேக்கத்தின் பெரும்பகுதியைத் தரும் ராபின்சனின் பின்னிணைப்பு அடுத்தும் வருகின்றன. தலைப்புப் பக்கமே இரண்டு கண்டுபிடிப்புகளையும் ஒருசேர அறிவிக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிரேக்கப் 'பர்லாம்' 1832இலேயே பாரிஸில் புவாசொனாத் பதிப்பாக அச்சாகிவிட்டது. ரெனான் ஆர்மீனியத் துண்டைப் போலி என்று தள்ளியபோது, அசல் கிரேக்கம் அதே நகரத்தில் 40 ஆண்டுகளுக்கு மேலாக அச்சுநூலாக விலைபோய்க்கொண்டிருந்தது. அந்த நூலை யாரும் படிக்காமலும் இல்லை. 1859இல் லாபுலேயும் 1860இல் லீப்ரெக்டும் அதைத் துருவிப் படித்து, இந்தக் கிறிஸ்தவப் புனிதர் யோசபாத் வேறு யாருமல்லர், நம் கௌதம புத்தரே என்று நிறுவியிருந்தார்கள். நோயையும் முதுமையையும் கண்டு, சாவை உணர்ந்து அரண்மனையைத் துறக்கும் இளவரசன் கதைதான் அது. போதிசத்துவன் என்ற பெயர் அரபியில் பூதாசஃப், ஜார்ஜிய மொழியில் இயோதாசஃப், கிரேக்கத்தில் இயோவாசஃப் என்று உருமாறி ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. புத்தரைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே பக்கங்களில் நின்றிருந்த ஏதென்ஸ்காரரை ஒருவரும் கவனிக்கவில்லை.

நாகோர் பேசிய பேச்சு

'பர்லாம்' கதையில் முறையீடு வரும் இடத்தை 1914ஆம் ஆண்டு லோப் பதிப்பில் 27ஆம் அதிகாரமாகப் படிக்கலாம். இந்திய அரசன் அபென்னேருக்குத் தன் மகன் யோசபாத் கிறிஸ்தவனானது பிடிக்கவில்லை. ஒரு சூழ்ச்சி செய்கிறான். துறவி பர்லாமைப் போலவே தோற்றமுள்ள நாகோர் என்ற கிழட்டுச் சோதிடனைப் பர்லாம் வேடத்தில் பிடித்து வருவது. அவையில் வாதம் நடத்துவது. நாகோர் வேண்டுமென்றே தோற்பது. மகன் மனம் மாறுவது. இளவரசனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. நீ தோற்றால் உன் நாக்கையும் இதயத்தையும் என் கையாலேயே பிடுங்கி நாய்களுக்குப் போடுவேன் என்று சபையிலேயே போலித் துறவியை மிரட்டுகிறான். முன்னால் அரசன், பின்னால் இளவரசன். நடுவில் மாட்டிக்கொண்ட நாகோர் வாயைத் திறக்கிறான். தோற்க வந்தவன் வாயிலிருந்து வெல்லும் வாதம் புறப்படுகிறது. சபிக்கப் போய் வாழ்த்திவிட்டு வந்த விவிலியத்துப் பிலேயாமை ஆசிரியரே இந்த இடத்தில் நினைவூட்டுகிறார்.

அந்த வாதம் முழுக்க அரிஸ்டைடிஸ். தையல் தெரியாமல் ஒட்டியிருப்பதாகத்தான் முதலில் தோன்றும். 'அரசே' என்று ரோமப் பேரரசரை விளித்தது அபென்னேருக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்திவிடுகிறது. ஆனால் இந்தியக் கண்ணோடு படித்தால் தையல் பல்லிளிக்கும். கல்தேயர் நெருப்பையும் நீரையும் வணங்குவதை நாகோர் கண்டிக்கிறான். குரோனஸ், சீயஸ், அப்ரோடைட்டி ஆகியோரின் நடத்தையைத் தோலுரிக்கிறான். எகிப்தியரின் பூனையையும் முதலையையும் கேலி செய்கிறான். இந்திய அரசன் அவையில், இந்தியப் பூசாரிகள் முன்னிலையில் நடக்கும் சமய வாதத்தில் ஓர் இந்தியத் தெய்வத்தின் பெயர்கூட வரவில்லை. ஒன்பது நூற்றாண்டுகளாக நூற்றுக்கு மேற்பட்ட சுவடிகளில் படி எடுத்தவர்கள், மொழிபெயர்த்தவர்கள் யாருக்கும் இது உறுத்தவில்லை. அவர்களுக்கு இந்தியா என்பது தொலைவில் எங்கோ இருந்த ஒரு பெயர்.

ஒட்டியவர் யார்? நெடுங்காலம் இந்தக் கதை தமாஸ்கு யோவானின் பெயரில் வழங்கியது. லோப் பதிப்பின் முகப்பிலும் அவர் பெயர்தான். இன்றைய ஆய்வு, அத்தோஸ் மலையின் இவிரோன் மடத்தில் வாழ்ந்து 1028இல் மறைந்த ஜார்ஜியத் துறவி யூத்திமியுஸைக் காட்டுகிறது. ஜார்ஜிய மொழியில் 'பலவாரியானி' என்று வழங்கிய கதையை அவர் கிரேக்கத்தில் விரித்து எழுதினார். ஜார்ஜியக் கதையிலும் அவை வாதம் உண்டு, முறையீடு கிடையாது. ஆகவே கி.பி. 1000ஐ ஒட்டி, கிரேக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு துறவியின் கைக்கெட்டும் தூரத்தில் அரிஸ்டைடிஸின் பிரதி இருந்திருக்கிறது. அவர் தம் கதைக்காக அதை எடுத்துக்கொண்டார். கதை பிழைத்தது, பிரதி போயிற்று.

வெட்டியவரா, சேர்த்தவரா?

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சிரியாக் மொழிபெயர்ப்பையும் நாகோரின் கிரேக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 15ஆம் அதிகாரத்தைப் படித்தால் இரண்டும் ஒரே பாதையில் கொஞ்சதூரம் போகின்றன. விபசாரம் செய்யார், பொய்ச்சாட்சி சொல்லார், தாய் தந்தையரை மதிப்பர், தமக்கு வேண்டாததைப் பிறருக்குச் செய்யார், தமக்குத் தீங்கு செய்தவரை நயமாகப் பேசி நண்பராக்கிக்கொள்வர், விதவையையும் அநாதையையும் கைவிடார், அந்நியரை வீட்டுக்கு அழைத்து வந்து உடன்பிறந்தவரைப்போல உபசரிப்பர். இவை இரண்டிலும் உண்டு.

சிரியாக்கில் இதற்கு மேலும் இருக்கிறது. தம்மிடம் அடைக்கலமாக வைத்த பொருளை இல்லையென்று மறுக்கமாட்டார்கள். வீட்டு அடிமைகளையும் அவர்கள் பிள்ளைகளையும் அன்பு காட்டி இணங்கவைத்து, இணங்கியபின் வேற்றுமையின்றிச் சகோதரர் என்றே அழைப்பார்கள். ஏழை ஒருவர் இறந்தால் முடிந்தவர் பொறுப்பெடுத்து அடக்கம் செய்வார். கிறிஸ்துவின் பெயரால் ஒருவர் சிறைப்பட்டால் அவருக்கு வேண்டியதை எல்லாரும் சேர்ந்து கொடுப்பார்கள். கடைசியாக, என்னை இந்தத் தேடலுக்கு இழுத்துவந்த வரி. தங்களுக்குள் ஓர் ஏழை இருந்து, கொடுக்கக் கையில் மிச்சம் இல்லாவிட்டால், இரண்டு மூன்று நாள் தாங்கள் பட்டினி கிடந்து அந்த உணவை அவருக்குக் கொடுப்பார்களாம். மிச்சத்தைக் கொடுப்பது தர்மம். இவர் சொல்வது மிச்சமே இல்லாதவர்கள் செய்யும் தர்மம்.

இந்தப் பகுதி நாகோரிடம் இல்லை. ஆகவே இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். சிரியாக் மொழிபெயர்ப்பாளர் தம் ஊர்ப் பெருமையாகச் சேர்த்திருக்கலாம்; அல்லது யூத்திமியுஸ் வெட்டியிருக்கலாம். ராபின்சன் பொதுவாகக் கிரேக்கத்தின் பக்கம் சாய்ந்தார். மூலமொழி என்ற கௌரவம் அதற்கு உண்டு. சிரியாக் மொழிபெயர்ப்பாளர் சொல்லை நீட்டுபவர் என்பதற்கும் நூலில் வேறு இடங்களில் சான்று இருந்தது. மனித இனங்களைச் சிரியாக்கும் ஆர்மீனியமும் நான்காகப் பிரிக்க, கிரேக்கம் மூன்றாகப் பிரிப்பது போன்ற முரண்களும் விவாதத்தை இழுத்துக்கொண்டே போயின.

எகிப்தின் மணல் சாட்சிக்கு வந்தது. 1922இல் கிரென்ஃபெல்லும் ஹண்ட்டும் வெளியிட்ட ஆக்சிரிங்கஸ் பாப்பிரஸ் 1778இல் 5, 6ஆம் அதிகாரங்களின் கிரேக்கத் துண்டு கிடைத்தது. இரண்டாண்டு கழித்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த பாப்பிரஸ் ஒன்றை மில்ன் படித்து வெளியிட்டார். அதில் இருந்தது 15ஆம் அதிகாரத்தின் இறுதியும் 16இன் தொடக்கமும். நமக்கு வேண்டிய இடமேதான். இரண்டு துண்டுகளும் நான்காம் நூற்றாண்டு எழுத்து. யூசேபியுஸ் பலரிடம் இருக்கிறது என்று சொன்னாரே, அந்தப் பலரில் ஒருவர் வைத்திருந்த பிரதிகள் போன்றவை. நாகோரின் உரை விட்டுவிட்ட, சிரியாக்கில் மட்டும் தெரிந்த செய்திகளுக்கு இணையான கிரேக்கம் லண்டன் துண்டில் இருக்கிறது. சிரியாக் மொழிபெயர்ப்பாளர் ஆங்காங்கே வார்த்தையை இழுத்திருக்கிறார் என்பதும் அதிலிருந்தே தெரிகிறது. ஆனால் பகுதியை அவர் உண்டாக்கவில்லை. வெட்டியது கதாசிரியரின் கைதான்.

ஏன் வெட்டினார் என்பதற்கு என் ஊகம் இது. யோசபாத் கதை துறவைக் கொண்டாடும் கதை. அதன் உச்சம், பின்னால் அரசனான யோசபாத் அரியணையை விட்டுப் பாலைவனத்துக்குப் போவது. அரிஸ்டைடிஸ் காட்டுவதோ ஊருக்குள் குடும்பம் நடத்தும் மனிதர்களை: வீட்டில் வேலையாள், தெருவில் சாவு, சிறையில் தெரிந்தவர். துறவியின் கதைக்கு இந்த இல்லறக் கணக்குகள் தேவைப்படவில்லை.

வெளிச்சாட்சிகள்

முறையீடு என்பது கட்சிக்காரரே எழுதிக்கொண்ட வாதம். தம் தரப்பை உயர்த்தித்தான் சொல்வார். கிறிஸ்தவர்களின் வேண்டுதலால்தான் உலகமே நிலைநிற்கிறது என்றுகூட 16ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே வெளிச்சாட்சி வேண்டும். கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய அறிக்கை இருக்கிறது. கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்த அதிகாரி அவர். அவர்கள் கூடும்போது எடுக்கும் உறுதிமொழி என்று அவர் தருவது: களவு, கொள்ளை, விபசாரம் செய்வதில்லை, வாக்குத் தவறுவதில்லை, ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் மறுப்பதில்லை. அடைக்கலப் பொருள் என்ற அந்தச் சிறு விவரம் அரிஸ்டைடிஸிடமும் இருப்பது தற்செயலாக இருக்க முடியாது. எதிரும் புதிருமான இருவர் கேட்டது ஒரே போதனையைத்தான்.

பின்வந்தவர்களிடம் இந்த இழை அறுபடாமல் போகிறது. ரோமில் எழுதப்பட்ட 'எர்மாவின் மேய்ப்பர்', நோன்பு நாளில் மிச்சமாகும் உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கும் அநாதைக்கும் கொடுக்கச் சொல்கிறது. ஜஸ்டின் ஞாயிறு வழிபாட்டில் திரளும் காணிக்கை நோயாளிக்கும் சிறைப்பட்டவருக்கும் போவதை விவரிக்கிறார். 197ஐ ஒட்டி கார்த்தேஜில் தெர்த்துல்லியன் மாதச் சந்தாவில் இயங்கும் பொதுப்பெட்டியைப் பற்றி எழுதுகிறார். ஏழைகளின் அடக்கச் செலவு அந்தக் கணக்கில் உண்டு. 251இல் ரோமச் சபை 1,500க்கு மேற்பட்ட விதவைகளையும் வறியவர்களையும் பராமரித்ததாக ஆயர் கொர்னேலியுஸின் கடிதம் சொல்கிறது. ஓர் ஏழைக்காகக் கிடந்த பட்டினி ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் நிர்வாகமாகிவிட்டது. கிறிஸ்தவத்தை வெறுத்த பேரரசர் ஜூலியன் 362இல், இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் போஷிக்கிறார்களே என்று தம் பூசாரியிடம் அங்கலாய்த்ததைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

அரிஸ்டைடிஸைப் புகழ்ந்துவிட்டு நகர்வதும் சரியாகாது. அடிமையைச் சகோதரர் என்று அழைப்பதாகச் சொல்கிறாரே தவிர, விடுதலை செய்வதாகச் சொல்லவில்லை. பிற மதங்களைப் பேசும்போது ஏளனம் தாராளமாக வருகிறது. யூதரின் ஒருகடவுள் நம்பிக்கையையும் இரக்கத்தையும் மெச்சிய கையோடு, அவர்களும் வழி தவறினார்கள் என்கிறார்.

ஆனாலும் அவர் வாதத்தின் கட்டமைப்பு கவனிக்கத்தக்கது. தொடக்கத்தில் வரும் கடவுள் கிரேக்கத் தத்துவத்தின் கடவுள்: பிறப்பில்லாதவர், பெயரில்லாதவர், பலியோ காணிக்கையோ தேவைப்படாதவர். அடுத்து, தெய்வங்கள் செய்ததாகப் புராணம் சொல்லும் குற்றங்களுக்குக் கிரேக்கச் சட்டம் தண்டனை விதிக்கிறதே, இதில் சட்டம் சரியா தெய்வம் சரியா என்று மடக்குகிறார். முடிவில் தம் தரப்புக்குச் சான்று காட்ட வேண்டிய இடத்தில் அற்புதங்களைக் கூப்பிடவில்லை. எங்கள் நூல்களை நீங்களே படித்துப் பாருங்கள், நாங்கள் வாழ்வதைப் பாருங்கள் என்கிறார். எதுவும் தேவைப்படாத கடவுளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. கொடுப்பதெல்லாம் பக்கத்து மனிதருக்கே போக வேண்டும். முதல் அதிகாரத்து இறையியலுக்கும் 15ஆம் அதிகாரத்து அறத்துக்கும் உள்ள உறவு அதுதான். நாகோரின் உரையை மட்டும் வைத்திருந்தால் இந்த வாதத்தின் கடைசிப் பாதி நமக்கு மங்கலாகவே தெரிந்திருக்கும். பட்டினி கிடந்து பசியாற்றிய அந்த வரியை இனி அரிஸ்டைடிஸ் பெயரிலேயே தயங்காமல் எடுத்தாளலாம்.